கருப்பனுக்குக் காது நல்லாவே கேக்குது

கருப்பனுக்குக் காது கேக்காதுன்னு என் வீட்டுக்காரர் முடிவே பண்ணிட்டாரு.

எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் ஆஸ்திரேலியா போனப்ப எங்ககிட்ட விட்டுட்டுப் போன நாய். பாதி ஷெப்பர்ட், மீதி கம்போங் நாட்டு நாய். "உக்காரு"ன்னா முழிச்சிக்கிட்டு நிப்பான். பிஸ்கட் டின் திறந்தா மட்டும் எப்படியோ கேட்டுடும்.

இன்னிக்குக் காலையில ஜெலாப்பாங் பாசார்ல, காய்கறி வாங்கப் போன சந்தையில, ஒரு பூனையைப் பாத்துட்டு என் கையிலிருந்த கயித்தையும் இழுத்துக்கிட்டு பாஞ்சிட்டான்.

நேரா மெயின் ரோடு. லோரி வருது.

"கருப்பா, நில்லுடா!"ன்னு தொண்டை கிழியக் கத்துறேன். திரும்பவே இல்ல.

காய்கறி விக்கிற சீன ஆண்ட்டி ஒரே அதட்டல்: "ச்சோ தாய்!"

ரோட்டோரத்துலயே பொத்துன்னு உக்காந்துட்டான். லோரி போயிருச்சு.

"உக்காருன்னுதான் சொன்னேன், கேண்டனீஸ்ல," ஆண்ட்டி மலாய்ல சொல்லிச் சிரிச்சாங்க. "பழைய வீட்டுக்காரங்களோட இவனைப் பாத்திருக்கேன், சீன வீட்டுல வளந்தவன் லா!"

தெருவுக்குத் தெரு கேண்டனீஸ் கேக்குற ஈப்போவுலயே பொறந்து வளந்த எனக்கு இது தோணலயே! அவங்க கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டேன். நன்றிக்கு அவங்ககிட்டயே பை நிறைய கீரை வாங்கிட்டு வந்தேன்.

இப்ப "ச்சோ தாய்"னா கருப்பன் அழகா உக்காருறான்.

எங்க வீட்டுல இன்னொருத்தரும் கூப்பிட்டா திரும்புறதில்ல. அவருக்கு எந்த மொழின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.