ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நாலாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஞாபகமும் முன்போல் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வாகட் பக்கம் குடியிருக்கும் என் மகன், தன் பையனின் பிறந்தநாளுக்கு மைக்ராஸ்கோப் வாங்கப் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் குழாய் போதும், அடி கனமாக இருக்கட்டும், திருகு வழுக்கக் கூடாது என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று சிரித்தான். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் மெட்ரிக் தேறிய வருஷம். அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மகனையும் அங்கே பயிற்சிக்குச் சேர்க்க எல்லாம் பேசி, கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும்விட்டார். தொழிற்சாலை டாக்டர் உடம்பைச் சோதிப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம் முழுக்க அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கே பயப்படாதவனுக்கு டாக்டரிடம் என்ன பயம் என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

மாமா ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் அறையில் இருந்தார். மருமகன் பாஸானதற்கு மைக்ராஸ்கோப் வாங்கித் தருவதாக எங்கள் இருவரையும் கேம்ப் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். ஊரில் தாய்மாமன்கள் கைக்கடிகாரம் வாங்கித் தருகிறார்கள், என் தம்பிக்கு இப்படித் தோன்றுகிறது என்றாள் அம்மா.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, இரண்டு கண்ணுக்கும் இரண்டு குழாய், பித்தளை மின்னியது. மற்றது ஒற்றைக் குழாயோடு கறுப்பாக, கொக்கு மாதிரி நின்றது. எனக்குப் பெரியதுதான் பிடித்தது. மாமா கறுப்பைத் திருகித் திருகி, விட்ட இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தார்.

வெங்காயத் தோல் ஒட்டிய கண்ணாடிச் சில்லை உள்ளே வைத்து முதலில் எனக்குக் காட்டினார்கள். செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு என்றேன். பிறகு அண்ணன் குனிந்தான். இடக்கண்ணால் பார்க்க வேண்டும், வலக்கண்ணை மூடாமல் பக்கத்துத் தாளில் வரைய வேண்டும் என்று மாமா தன் ஆஸ்பத்திரிப் பழக்கத்தைச் சொன்னார். அண்ணன் வெகுநேரம் பார்த்தான்.

"ஆமா மாமா, செங்கல் அடுக்கின மாதிரியே தெரியுது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சில்லு கடைக்காரர் கையில் இருந்தது. துடைக்க எடுத்தவர் இன்னும் திருப்பி வைக்கவில்லை.

மாமா சிரிக்கவில்லை. "வலக்கண்ணால பாரு மாப்ளே" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தான். மூக்கு சிவந்துவிட்டது. "அப்பாட்ட சொல்லீராதீங்க மாமா."

பொய் சொன்னதைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். மாமா அவன் தோளைப் பிடித்துக் கறுப்பின் பக்கம் திருப்பினார். "இதுக்கு ஒரு கண்ணு போதும்லே. எங்கூட வந்துரு. அப்பாட்ட நான் பேசுதேன்."

அண்ணன் அழுதான். கறுப்பைத்தான் வாங்கினோம்.

சின்ன வயதில் கில்லி பட்டுப் பார்வை போன கண்ணை அவன் வீட்டுக்குத் தெரியாமலே வைத்திருந்தான் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டது. அப்பா சில நாள் கோயிலுக்குப் போகவில்லை. அண்ணன் மாமாவின் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயராகி, பிறகு போய்ச் சேர்ந்துவிட்டான்.

அன்று பஸ்ஸில் அவன் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, பெரியது கிடைக்காத துக்கம் என்றுதான் நினைத்தேன். அழாதே அண்ணே, நான் பெரியவளானதும் ரெண்டு கண்ணு உள்ளதே வாங்கித் தாரேன் என்றேன். அவன் என் தலையில் கையை வைத்தான்.

தெரியாத கண் இடதுதானா, நான் மாற்றி எழுதுகிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. போசரியில் அண்ணி இருக்கிறாள், யாராவது கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.