படகுக்கு ஆள் பிடிக்கிறவர்

இடது கையின் விரல்களுக்கு நடுவே ஒரு கீழ்த்தாடை. வலது கையில் மெழுகுக் கத்தி. ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் கத்தி முனையை ஒரு நொடி காட்டி, ஈறு நிறத்து மெழுகில் ஒரு சொட்டை எடுத்துக் கடைவாய்ப் பல்லின் அடியில் வைத்து, இழுத்து, வழித்து விடுகிறார். கைகள் இந்த வேலையில் இருக்க, வாய் வேறொரு வேலையில் இருக்கிறது. காதில் செருகிய கருவி வழியாக யாரையோ கரைத்துக்கொண்டிருக்கிறார்.

"சாகல்லாம் மாட்ட. அப்படியே செத்தாலும் மூணு நிமிஷத்துல எந்திரிச்சிரலாம்... ஐயோ, துப்பாக்கியே கெடையாதுங்கிறேன், படகுதான்... நீச்சல் எதுக்குத் தெரியணும்? நீ சோபாவுலதானே உக்காந்திருக்கப் போற?" எதிர்முனை எதையோ நீளமாகச் சொல்கிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் வழக்கமான கடைசி வரிக்கு வருகிறார். "ஒரே ஒரு தடவ கடிச்சுப் பாரு. பிடிக்கலன்னா துப்பிரு."

எதிர்முனை வைத்துவிட்டது. அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அடுத்த பல்லுக்குப் போனார்.

பல்செட் செய்வது அவர் தொழில். வயது நாற்பத்தெட்டு. இரண்டு பல் மருத்துவமனைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரே அறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அலமாரி முழுக்க வெள்ளை மாவில் வார்த்த தாடைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய எண். அந்தத் தாடைக்காரர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் வெளியே எங்காவது யாராவது கொட்டாவி விட்டால், "அட, நம்ம இருநூத்திப் பதினேழு!" என்று நின்றுவிடுவார். ஆளை முகத்தை வைத்து அடையாளம் காணத் தெரியாது. வாயைத் திறந்தால் போதும். நண்பர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மெழுகு. தொழிலால் வந்த பெயர்தான். ஆனால் ஒட்டினால் விடமாட்டார் என்பதால் நிலைத்துவிட்டது.

அந்த அறையின் மூலையில், மாவுத் தூசி படாமல் துணி போர்த்தி, ஒரு கணினி இருக்கிறது. அதில்தான் படகு. இணையத்தில் உலகம் முழுவதும் பலர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டு அது. புயல் கடலில் கவிழ்ந்தவர்களைத் தேடிப்போய் மீட்டுக் கரை சேர்க்க வேண்டும். ஒரு படகுக்கு நாலு பேர். சுக்கான் பிடிக்க ஒருவர், இயந்திரத்துக்கு ஒருவர், கயிறு வீச ஒருவர், தண்ணீரில் ஆளைக் கண்டால் ஊதல் ஊத ஒருவர். நாலு இருக்கையும் நிரம்பாமல் படகு துறையை விட்டு நகராது. ஆள் குறைந்தால் விளையாட்டே எங்கிருந்தோ முகம் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கும்.

முகம் தெரியாதவர்களோடு போவது இவருக்குப் பிடிப்பதில்லை. "அவங்க நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா கவுந்தா சிரிக்க ஆள் வேணும்ல?" என்கிறார். அதனால் ஆறு வருடமாகத் தெரிந்தவர்களையே பிடிக்கிறார். கேட்டு ஓடியவர்களின் எண்ணிக்கை அதிகம். பல் மருத்துவர்கள் இருவரும் இப்போது வேலையை ஆள் மூலம்தான் கொடுத்தனுப்புகிறார்கள். கணவருக்குத் திரையில் அலை ஆடினாலே தலை சுற்றும். முதல் நாளே, "எனக்கு வாந்தி வருதும்மா" என்று எழுந்து போனவர், அந்தப் பக்கம் வருவதே இல்லை.

ஆனால் எல்லோரிடமும் ஒரே பேச்சைப் பேசுகிறவர் அல்ல. பல்லுக்கு நிறம் பொருத்துகிறவர் அல்லவா, ஒவ்வொருவருக்கும் எது பொருந்தும் என்று பார்த்துவைத்துப் பேசுவார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் தோழி, விதிமுறை இல்லாத எதிலும் கால் வைக்காதவர். அவருக்காகப் படகின் விதிகளை நாற்பது பக்க நோட்டில் தன் கையாலேயே எழுதி, பக்க எண் போட்டுக் கொடுத்தார். எழுத்தர் அதை ஒரு வாரம் படித்தார். எட்டாம் பக்கமும் முப்பத்தொன்றாம் பக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகச் சொன்னார். "அப்ப நீயே வந்து பாத்துச் சொல்லு" என்றார் இவர். வந்தவர் வந்தவர்தான். இன்று கயிறு வீசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கொழுந்தனார் பேருந்து ஓட்டுகிறவர். அவரைப் பிடித்தது இன்னும் எளிது. "நாள் பூரா ஓட்டிட்டு வந்து மறுபடியும் ஓட்டணுமா அண்ணி?" என்று கேட்டவரிடம், "இதுல சிக்னல் கெடையாது, பிரேக் கெடையாது, சில்லறை கேக்கறவனும் கெடையாது" என்றார். அன்றே சுக்கானைக் கொடுத்தார். அங்கேதான் கோளாறு. போகிற வழியில் கரையோரம் சில உருவங்கள் நிற்கும். சும்மா அழகுக்காக வரைந்தவை. கொழுந்தனார் ஒவ்வொரு துறையிலும் படகைக் கொண்டுபோய் நிறுத்தினார். நடுக்கடலில் பதினோரு பேர் முழுகிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னடா பண்ற? அது பொம்மடா!"

"தெரியுது அண்ணி. ஆனா கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்களே. பாத்துக்கிட்டே எப்படிப் போறது?"

அத்தோடு அவரை இயந்திரத்துக்கு மாற்றிவிட்டு, சுக்கானை இவரே எடுத்துக்கொண்டார். ஐந்து வருடமாக அது இவர் கையில்தான். பெரிய அலையை நேராக ஏறாமல் சாய்த்து ஏறுவார். கத்தி முனையில் மெழுகை வழிக்கும் அதே மணிக்கட்டு.

நாலாவது இருக்கையை அவர் ஆரம்பத்திலிருந்தே ஒருத்திக்காகப் பிடித்து வைத்திருந்தார். அதுவரை அதில் மட்டும் விளையாட்டு கொண்டுவரும் முகம் தெரியாதவர் யாராவது இருப்பார். பள்ளியிலிருந்து கூட வரும் தோழி. ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவின் மாஸ்டர். எண்பது அடுக்குத் துணியை ஒரே வீச்சில், கோட்டை விட்டு மயிரிழை விலகாமல் வெட்டுகிறவர். "வேல இல்லாதவங்க வேலடி அது" என்று ஒவ்வொரு முறையும் விரட்டுவார். இவரும் ஒவ்வொரு வாரமும் கேட்பார். கேட்பதும் விரட்டுவதும் இருவருக்கும் ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது.

போன வருடம் வெட்டும் இயந்திரம் தோழியின் வலது கையில் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. தோழி வேலைக்குப் போகவில்லை. யார் வந்தாலும் கதவைப் பாதி திறந்து, நின்றபடியே இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார். வலது கை எப்போதும் சட்டைப் பைக்குள் இருக்கும். எட்டு மாதம் அப்படியே போனது. அந்த எட்டு மாதமும் இவர் படகைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறப்பது முறையில்லை என்று நினைத்தார்.

தோழிதான் ஒருநாள் பாதிக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "இப்பல்லாம் ஆள் பிடிக்கிறதில்லையா?"

இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே எல்லாம் ஏற்பாடு செய்தார். ஊதல் இருக்கையைக் கொடுத்தார். ஒரே பொத்தான்தான், இடது கையால் அழுத்திவிடலாம். அலையை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கினார். மெதுவாகப் போகச் சொல்லிக் கொழுந்தனாரிடமும் எழுத்தரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். எல்லோரும் நடந்துகொண்டார்கள், அவ்வளவு நல்லவர்களாக. தோழி வீட்டிலிருந்து இரண்டு முறை ஊதினார். "ஆஹா, பிரமாதம்!" என்றார் கொழுந்தனார். "அருமைங்க அக்கா!" என்றார் எழுத்தர்.

பிறகு தோழியின் குரல் வந்தது. "என்ன எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவங்க மாதிரியே பேசறீங்க? கையில ஆரஞ்சுப் பழம் வெச்சிருக்கீங்களா?"

இணைப்பு போய்விட்டது. அதன் பிறகு மூன்று வாரம் பாதிக் கதவும் திறக்கவில்லை.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அங்கே போகத் தொடங்கியது அந்த நாட்களில்தான். ஒரு பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார். "நோகுது நோகுதுன்னு சொல்ற எடத்தையெல்லாம் தேய்ச்சுக்கிட்டே போனா நோவு போயிரும். ஆனா மேல் பல்லும் கீழ் பல்லும் ஒண்ணை ஒண்ணு தொடாது. அப்புறம் கஞ்சிதான் குடிக்கணும். தொழிலுக்கு வந்த மொத வருஷமே திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது. அதையே அவகிட்டப் போயி பண்ணிட்டேன்." பட்டறைச் சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு வரி எழுதினார்.

'உன் வலது கை அளவு வேணும்.'

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'எதுக்கு?'

'சுக்கான் பிடிக்க.'

அரை நாள். 'அது நீதானே பிடிப்ப?'

'இனிமே நீ.'

அன்று மாலை: 'வா. மாவு தரையில சிந்தக் கூடாது.'

வாயில் அச்செடுக்கும் பசைப்பொடியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போனார். சமையலறை மேசையில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் குழைத்தார். தோழி கையைப் பையிலிருந்து எடுக்கச் சிறிது நேரம் ஆனது. இவர் அவசரப்படுத்தாமல் பசையின் பதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டைக் கையில் பிடித்து இயக்கும் பழைய கண்ட்ரோலர் ஒன்றை நடுவில் வைத்து, அதைப் பிடிக்கிறாற்போல அந்தக் கையைப் பசைக்குள் பதித்தார். இறுக இரண்டு நிமிடம் ஆகும். பசை சில்லென்று இருந்ததில் தோழி நெளிந்தார். இருபத்தாறு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் மருத்துவர்கள் சொல்லிக் கேட்ட வார்த்தை, தானாகவே இவர் வாயிலிருந்து வந்தது.

"மூக்கால மூச்சு விடு."

தோழி நிமிர்ந்து பார்த்தார். "கைக்கு எதுக்குடி மூக்கு?"

அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் கிண்ணம் ஆடிவிட்டது. முதல் அச்சு வீண். மறுபடியும் குழைக்க வேண்டியதாயிற்று.

அந்த அச்சிலிருந்து ஒரு பிடி செய்தார். கண்ட்ரோலரின் வலப்பக்கம் கவ்வி நிற்கும். மூன்று விரல்கள் செய்திருக்கக்கூடிய வேலையை உள்ளங்கையே செய்யும். கட்டை விரல் படகைத் திருப்பும் திருகிக்கு, சுண்டு விரல் அழுத்த நீளமான ஒரு நெம்பு. பல்செட்டுக்கு ஊற்றும் அதே அக்ரிலிக். ஈறு நிறம்.

"என்னடி இது, வாய்க்குள்ள இருக்க வேண்டிய கலரு?"

"எங்கிட்ட இருக்கறது இதுதான். வேணும்னா ரெண்டு பல்லும் வெச்சுத் தரேன்."

முதல் பிடி உள்ளங்கையில் இடித்தது. தோழி துணிக்கு அடையாளம் போடும் சுண்ணக் கட்டியை இடது கையால் எடுத்து, இடித்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பல வருடம் தையல்காரர்களுக்குப் போட்டுக் கொடுத்த கோடு போலவே நேராக இருந்தது. இரண்டாவதை அணிந்து பார்த்துவிட்டு, "தளர்த்தி யார் கேட்டா? இது சட்டையா?" என்றார். மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் நெம்பைச் சுண்டு விரலால் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அதையும் தள்ளினார். "தொட்டாலே அழுங்குது. எனக்கு இவ்வளவு சுளுவா வேணாம். கனமா போடு."

ஒவ்வொரு தடவை திருப்பி அனுப்பப்பட்டபோதும் இவர் அறைக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாரோ பரிசு கொடுத்தனுப்பியது போல வருவார். "குத்தம் சொல்லிட்டா! நெம்பு சரியில்லையாம்!" என்று மாவுத் தாடைகளிடமே சொல்வார். பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்துச் சுருள்வில்லை எடுத்து நெம்புக்கடியில் வைத்தார். பதம் பார்த்தார், கழற்றினார், மறுபடி வைத்தார். நான் எண்ணியவரை ஒன்பது தடவை. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

ஒரு விடுமுறை நாள் காலை பதினொரு மணிக்குத் தோழி அந்த அறைக்கு வந்தார். கை சட்டைப் பைக்குள்தான் இருந்தது. கணினியின் துணி எடுக்கப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியில் கொழுந்தனார் காத்திருந்தார். "வந்தாச்சா அண்ணி? இஞ்சின் சூடாயி நிக்குது!"

எழுத்தரின் குரல் குறுக்கிட்டது. "அக்கா, சுக்கானுக்குப் புது ஆள்னா மூணு தடவ பயிற்சி ஓட்டம் உண்டு. பக்கம் பத்தொம்போது."

"ஆரஞ்சுப் பழமெல்லாம் வேணாம்" என்றார் தோழி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அலை எவ்வளவு வெச்சிருக்க?"

"உள்ளதிலேயே பெருசு."

"கவுந்துருவோம்."

"கவுத்து விடு. எனக்குக் கைப்பேசியில ஊதல்தான். ஊதிக்கிட்டே முழுகறேன்."

பிடியை மெருகுச் சக்கரத்தில் கடைசியாக ஒரு தரம் காட்டி, விளிம்பைத் தன் கன்னத்தில் ஓட்டிச் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீரில் அலசித் துடைத்தார். கண்ட்ரோலரில் பொருத்தி, நீட்டினார்.

தோழி இடது கையை நீட்டினார்.

இவர் கொடுக்கவில்லை, பின்னுக்கு இழுக்கவும் இல்லை. பிடியோடு நீட்டிய இவர் கை அப்படியே நின்றது. ஆறு வருடமாக ஓயாமல் ஆட்களைக் கரைத்த அந்த வாய் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பைக்குள் ஏதோ அசைந்தது. வலது கை மெதுவாக வெளியே வந்து மேசை விளக்கின் வெளிச்சத்துக்குள் திறந்தது. அதன் உள்ளங்கையில் இவர் அந்தப் பிடியை வைத்தார்.