மந்திரி வெட்டாத ரிப்பன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகத் தொழில்முனைவு என்றொரு படிப்பு தொடங்கியபோது நான் அங்கே தற்காலிக விரிவுரையாளர். நாலு காசும் வர வேண்டும், நாலு பேருக்கு நல்லதும் நடக்க வேண்டும் என்பதுதான் படிப்பின் சாரம். இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிதில் பெங்களூரில் இப்படி எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். அரசாங்கமும் தலையாட்டி முதல் வருட மானியத்தைக் கொடுத்தது.

அதில் ஒரு சப்பாத்தி மிஷின் வாங்கி, ஈஜிபுராவில் ஒரு வாடகை அறையில் வைத்தோம். அந்தத் தெருப் பெண்கள் சப்பாத்தி போட்டு விற்பார்கள், எங்கள் மாணவர்கள் கூட நின்று வியாபாரம் படிப்பார்கள் என்று ஏற்பாடு. பெண்களுக்குத் தலைவி ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. மாணவர்கள் கலர் கலராகப் படம் காட்டிப் பேச, அக்கா தன் கையால் சுட்ட சப்பாத்தியை நீட்ட, பீன்யாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீன் ஆர்டர் கொடுத்துவிட்டது. ஆயுத பூஜை லீவு முடிந்து கேன்டீன் திறக்கும் அன்றைக்குச் சப்பாத்தி வர வேண்டும். வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. அதை நம்பி அக்கா வீட்டு வேலை செய்துகொண்டிருந்த இடங்களிலெல்லாம் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

ஆனால் மிஷினைத் தொடக்கூடாது. அரசாங்கப் பணத்தில் வாங்கியதை மந்திரி வந்து திறந்து வைக்க வேண்டும் என்றார் எங்கள் பேராசிரியர். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் எழுதவில்லை, அது அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. தங்கமான மனிதர்தான். மந்திரி முகம் சுளித்தால் இரண்டாம் வருட மானியம் போய்விடும் என்கிற ஒரே பயம் அவருக்கு. மந்திரி முதலில் கொடுத்த தேதிக்கு வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினோம், தட்டும் கத்திரிக்கோலும் வாங்கினோம். அன்று காலையில் மந்திரி வரவில்லை என்று போன் வந்தது. அடுத்த வாரம் வருவார், ரிப்பன் அப்படியே இருக்கட்டும் என்றார் பேராசிரியர். அடுத்த வாரமும் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குள் ஆயுத பூஜையே வந்துவிட்டது. பூஜையாவது போடலாமா என்று அக்கா கேட்டாள். பொட்டு வைக்கலாம், மாலை போடலாம், சுவிட்சை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, சந்தேகத்தில் பேராசிரியரே நேரில் வந்தார். எல்லோரும் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனோம். வாசலில் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் அக்கா சுவிட்சின் பக்கத்தில் போய் நின்றாள்.

"பூஜ போட்ட மிஷின ஒரு சுத்தாவது ஓட்டணும் சார். சும்மா வுட்டா வருஷம் பூரா சும்மாவே கெடக்கும்."

பேராசிரியர் அன்று காலையில்தான் தன் ஸ்கூட்டருக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்திருந்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். ரிப்பன் முழுசாக இருந்தது. "ரிப்பன் கட் ஆகல, அப்போ ஓப்பனிங்கும் ஆகல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, "ஆய்த்து, ஆய்த்து" என்று கன்னடத்தில் சரி சொல்லி, "ஒரே ஒரு சுத்து" என்றார்.

அந்த ஒரு சுத்து நிற்கவே இல்லை. கேன்டீன் திறந்த அன்று வேன் வந்து சப்பாத்தியை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு மாவுச் சட்டியோடு பெண்கள் குனிந்து போனார்கள், சிலிண்டர்காரர் திட்டிக்கொண்டே குனிந்தார், பேராசிரியர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ரிப்பன் மட்டும் மந்திரிக்காக நிமிர்ந்து நின்றது. கடைசியில் அந்த மந்திரிக்கு இலாகா மாறிவிட்டது.

இரண்டாம் வருட மானியமும் வரவில்லை. திறப்பு விழாவே நடக்காத திட்டத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்டார்களாம். படிப்பை மூடினார்கள், என் வேலையும் போயிற்று. மிஷினைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அக்கா கொடுத்திருக்க மாட்டாள்; அறை வாடகையே அப்போது அந்தப் பெண்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மந்திரிக்காக வாங்கிய தட்டையும் கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் ஈஜிபுராவுக்கு வந்தார், நானும் போனேன். இனி இது எதற்கு என்று ரிப்பனைப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வெட்டாதீங்க சார், நல்ல ரிப்பன்" என்று அக்கா ஓடி வந்தாள். இரண்டு பக்கமும் முடிச்சை அவிழ்த்து, மாவைத் தட்டி உதறினாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற தன் மகளின் தலையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு ஜடைக்கு வேணும் சார். கத்திரி வச்சிருக்கீங்களே, நடுவுல சரியா வெட்டிக் குடுங்க."

பேராசிரியர் ரிப்பனை இரண்டாக மடித்து, நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்து, கவனமாக வெட்டினார். மாவுக் கையோடு பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். சிரித்துக்கொண்டே நானும் தட்டினேன். பேராசிரியர் கத்திரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.