மேல் வீட்டு பிரிண்டர்

சென்ற ஆண்டு, முகப்பேரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. மகள் அப்போது பிளஸ் டூ. நோட்ஸ் பிரிண்ட் எடுக்க அடிக்கடி கடைக்கு ஓட வேண்டாமே என்று வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்க நினைத்தேன். எந்தக் கம்பெனி நல்லது என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மெச்சிய கம்பெனியை அடுத்தவர் குப்பை என்றார்.

மேல் வீட்டுக்காரர் மட்டும் நேரிலேயே வந்துவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

“இங்க் மிஷினு வேணாம் சார். ஓட்டாம வுட்டா காஞ்சி அடைச்சிக்கும். லேசர் வாங்குங்க. என் ஊட்ல அதான் கீது, ஒரு நாள் படுத்தது கெடையாது!”

மகளுக்குக் கலர் படங்கள் தேவைப்பட்டதால் நான் இங்க் பிரிண்டரே வாங்கினேன். அதன் பிறகு லிஃப்டில் பார்த்தாலும் அவர் செல்போனைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

மகளின் நுழைவுத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும் நேரத்தில் பையைத் திறந்தவள், “அப்பா!” என்று அலறினாள். தண்ணீர் பாட்டில் கசிந்து ஹால் டிக்கெட் ஊறிப்போயிருந்தது. மை கரைந்து, போட்டோவில் அவள் முகமே இல்லை. எங்கள் பிரிண்டரைப் போட்டால் கோடு கோடாக வந்தது. பிறகு வெறும் வெள்ளைத்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஹால் டிக்கெட் எடுத்த அன்றோடு சரி, பிரிண்டரை யாரும் தொட்டிருக்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையோ ஞாயிறன்று திறக்காது. மகள் அழ ஆரம்பித்தாள்.

வேறு வழியில்லை, மேலே ஓடினேன். வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், “இன்னா சார், வெளிய நின்னுகினு? உள்ள வாங்க. போன்ல அனுப்புங்க சீக்கிரம்” என்றார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அவரே கீழே வந்து மகளிடம் கொடுத்தார். “பதறாத. போய் நல்லா எயுதும்மா.” ‘அன்னிக்கே சொன்னேனே’ என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

தேர்வு முடிந்து வந்ததும் நன்றி சொல்லப் போனேன். “நீங்க சொன்ன மாதிரி லேசரே வாங்கியிருக்கணும்” என்றேன். அவர் நெளிந்தார்.

“அட, நீங்க வேற சார்! உங்க கிட்ட அவ்ளோ பீத்திக்கினு வந்தேனா, அடுத்த வாரமே இது படுத்துகிச்சு. ரிப்பேருக்குப் போயி வந்துது. அப்பால உங்க மூஞ்சப் பாக்கவே வெக்கமா பூட்ச்சி.”

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு இறங்கி வரும்போது மனம் என்னவோ செய்தது. இத்தனை மாதமும் அவருடைய கூச்சத்தைக் கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்! இப்போதெல்லாம் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், என்ன காரணமோ என்று ஊகித்துக்கொண்டிருக்காமல் நானே போய் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன்.