வாராவாரம் உன் மெயிலுக்கு

நீ என்னை ஏமாற்றினாய். தெரியாமல் நடந்தது என்று சொல்லாதே. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாய்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே ஷிப்ட்டில், ஒரே கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தோம். உன் பெயரைப் போடவில்லை. நம் செக்‌ஷனில் இதைப் படிக்கிற எவனுக்கும் அது நீதான் என்று தெரியும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

மைன்ஸில் பெல்ட் ரிப்பேர் என்றால் முதலில் கரண்டை நிறுத்துவோம். வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருவனும் தன் டோக்கன் நம்பர் எழுதிய அட்டையை சுவிட்சில் மாட்டுவான். மாட்டியவன்தான் அதை எடுக்க வேண்டும். இன்ஜினியரே வந்தாலும் அடுத்தவன் அட்டையைத் தொடக்கூடாது. என் அட்டைக்குப் பக்கத்தில் எப்போதும் உன் அட்டை தொங்கும். என் நம்பரைவிட உன் நம்பர் எனக்கு நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் ரோலருக்கு அடியில் கையை விட்டேன்.

மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் நம் செக்‌ஷனில் பதினோரு பேர் சேர்ந்து ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கினோம். உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஒவ்வொரு குவார்ட்டர்ஸாகப் போய் மாட்டிக் கொடுத்தாய். என் வீட்டில் மாட்டும்போது, "மெயில் ஐடி கேக்குதுடா" என்றாய்.

"எனக்கு ஏது மெயில்?"

"சரி, எல்லாருக்கும் என்னுதையே போட்டுகினு வர்றேன். உனக்கும் அதையே போட்டுடறேன். அப்புறம் மாத்திக்கலாம்."

அப்புறம் யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை. அன்று என் மனைவி உனக்கு வடையும் காபியும் கொடுத்தாள்.

சில வருஷம் கழித்து அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. அப்போது மகளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். பையன் வீடும் மைன்ஸ் நகரியத்திலேயே, நாலு பிளாக் தள்ளி. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் தெரிந்தவர்கள்தான். அதனால் பாண்டிச்சேரிக்குப் போக முடிவு செய்தோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று நான்தான் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தேடினேன். அவள் பின்னால் நின்றாள். கதவைச் சாத்தியிருந்தோம். அக்கம்பக்கத்தில் சிதம்பரம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொன்னோம். துணைக்கு வந்தது கொழுந்தியாள் மட்டும்தான். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த, என் மனைவியின் தங்கை. எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் உன் மனைவி ஒரு பை சாத்துக்குடியோடு வந்தாள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுக்கா, தைரியமா இருங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரோ சொன்னாங்கண்ணா" என்றாள்.

கட்டி சாதாரணக் கட்டிதான். எடுத்துவிட்டார்கள். இன்றுவரை நன்றாக இருக்கிறாள். ஆனால் ரிப்போர்ட் வருவதற்குள் பையன் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. "அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வருமாமே" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அம்மாவின் விஷயம் அப்படித்தான் தெரிந்தது.

மூன்று பேருக்குத் தெரிந்த விஷயம். அதில் இரண்டு பேர் நாங்கள். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

அந்த வருஷமே என் மாமனார் இறந்தார். கருமாதிச் சாப்பாட்டுப் பந்தியில் கொழுந்தியாள் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் இலை முன்னால் உட்கார்ந்தபடியே கத்தினேன். "எம் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துட்டு எப்படி உனக்குச் சோறு எறங்குது?"

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "மாமா, எம் புள்ள மேல சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல மாமா."

"உன்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? சொல்லு!"

பாதி இலையில் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பேச நான் விடவில்லை. பிறகு மகளுக்குச் சேலத்தில் கல்யாணம் ஆனது. சித்திக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அந்தப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை உன்னுடையது. ஷிப்ட் ஆட்களோடு வேன் பிடித்து வந்திருந்தாய். என் தோளில் கை வைத்து, "வுடுடா, சொந்தத்துக்குள்ள எதுக்கு" என்றாய். அந்தக் கை இன்னும் என் தோளில் இருக்கிற மாதிரி இருக்கிறது. கழுவினாலும் போகவில்லை.

போன மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. எனக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாமா என்று மகளிடம் போனில் கேட்டேன். ஆன் செய்தால் ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம் ஆகிறது.

"போடாதீங்கப்பா. வாங்கும்போதே கம்பெனிக்காரன் உள்ள வெச்சு அனுப்பின குப்பைதான் அவ்வளவும். லிஸ்ட் வருதா? நாம போடாததை எல்லாம் எடுங்க."

எடுத்தேன். விளையாட்டு, வானிலை, பாட்டுக்கடை, காலாவதியாகியும் தினமும் பணம் கட்டச் சொன்ன வைரஸ் தடுக்கிற புரோகிராம். ஒவ்வொன்றும் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. வைக்கும்போது எவனும் என்னைக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் போகவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. மறந்துவிட்டது என்று அமுக்கினேன். இந்த மெயிலுக்கு அனுப்பட்டுமா என்று ஒரு முகவரியைக் காட்டியது. முதல் இரண்டு எழுத்து, நடுவில் நட்சத்திரங்கள், கடைசியில் நான்கு எண்கள். அந்த நான்கு எண்களை நான் சுவிட்சில் தொங்கிய அட்டையில் இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன்.

மகளிடம் அந்தப் புரோகிராமின் பெயரைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னாள்.

"அது பிள்ளைங்களைக் கண்காணிக்கப் பெத்தவங்களுக்குக் குடுக்கறதுப்பா. வீட்டுல என்ன தேடினாங்க, என்ன பாத்தாங்கன்னு வாராவாரம் லிஸ்ட் போட்டு மெயில் அனுப்பும்."

"யாருக்கு?"

"அந்த மெயில் யாருதோ அவங்களுக்கு."

மறுநாள் காலை ஷிப்ட் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பிடித்தேன். நாம் இரண்டு பேர்தான் நின்றோம். நீ மறுக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"நான் எதையும் கேட்டு வாங்கலடா. எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னு குடுத்தேன், அதுவா வந்துச்சு."

"வந்ததைப் படிச்சியா?"

"பதினோரு பேருதும் வந்துகினு இருந்துச்சு. பாதி சமையலு, சீரியலு. எவன் பாக்கறான்?"

"எம் பொண்டாட்டி சமாச்சாரம் சமையலா, சீரியலா?"

தலையைச் சொறிந்தாய். "மனசு கேக்கலடா. நல்லதுக்குத்தான் வூட்ல சொன்னேன். அவ சாத்துக்குடி வாங்கிகினு வந்தா."

"வேற யார்கிட்ட சொன்ன?"

பஸ் வந்தது. ஏறிப் போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாய். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் நீ உட்காரவில்லை.

இப்படி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து விற்ற கம்பெனிக்காரன் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவன் என்னோடு பெல்ட்டுக்கு அடியில் படுத்தவன் இல்லை. அவனுக்கு என் கொழுந்தியாளைத் தெரியாது. உனக்குத் தெரியும். அவள் அழுதுகொண்டு எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்புக்குப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, மன்னித்துவிடு என்றேன். முழுக்கக் கேட்டாள்.

"என்கிட்ட வந்து தனியா சொல்றீங்களே மாமா. அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

அந்தப் புரோகிராமை இன்னும் எடுக்கவில்லை. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போய்விடும் என்கிறாள் மகள். நெட் வயரை மட்டும் பிடுங்கி வைத்திருக்கிறேன். உன் நம்பர் அதில் அப்படியே இருக்கிறது. மாட்டியவனே வந்து எடுக்கட்டும்.

இந்த மாதக் கடைசியில் உனக்குப் பணி ஓய்வு விழா. கூட வேலை பார்த்தவன் என்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். கொழுந்தியாளைக் கையோடு கூட்டி வர என் மனைவி போகிறாள். அன்று பந்தியில் இருந்த சொந்தக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். மற்ற பத்துப் பேரும் எப்படியும் வருவார்கள். முதலில் நான் அவளிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு மைக்கை உன் கையில் கொடுப்பேன்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பதில் சொல். என் மனைவியின் விஷயத்தை உன் வீட்டைத் தாண்டி யாரிடம் சொன்னாய்? கருமாதிப் பந்தியில் என் தோளில் கை வைத்தபோது, அவள் குற்றம் செய்யாதவள் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்.