ஊமைக்கோட்டான் அடித்த அரட்டை

அகராதி அலுவலகத்தில் பிழை திருத்தும் அவருக்கு, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வீட்டில் பேச்சு மொத்தமும் மனைவியுடையது. ஜன்னலோரம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, துணி கொடுக்க வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே ஊர்க்கதை ஆரம்பமாகிவிடும். அவர் "ம்" கொட்டுவார். பாதி காதில் ஏறாது.

ஒரு நாள் மூளையில் ரத்தம் உறைந்து, தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பிழைத்தாள். கையும் காலும் மெல்ல வழிக்கு வந்தன. பேச்சுதான் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பேசிக்கிட்டே இருக்கணும் சார். புத்திமதி எல்லாம் வேணாம். சும்மா அரட்டை அடிங்க."

அதுதானே அவருக்கு வராது! மின்விசிறியின் சத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். கடைசியில் தெரிந்த தொழிலிலேயே இறங்கினார்.

"அரட்டைங்கிற வார்த்தை அரற்றுறதுல இருந்து வந்திருக்கலாமாம். அரற்றுறதுன்னா புலம்புறது. எனக்கென்னவோ சந்தேகம்தான். நீ எங்கே புலம்பினே?" என்றார், சோற்றைப் பிசைந்து ஊட்டியபடி. "புறணி சுலபம். முதுகுக்குப் புறத்தே பேசுறது. நீ அதெல்லாம் பண்ண மாட்டே. உங்க அண்ணி விஷயத்துல மட்டும்..."

அவள் உதட்டோரம் அசைந்தது.

"வம்புக்குப் பழைய அர்த்தம் தெரியுமா? புதுசு. வாசனைன்னும் சொல்வாங்க. நீ தினமும் எனக்குப் புதுசு புதுசா..." பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். அவள் அவர் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

இப்படியே வாரங்கள் போயின. வார்த்தைகள் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், வேறு வழியில்லாமல் சொன்னார்: "மாடிவீட்டுப் பொண்ணு இன்னைக்கு யாரோ ஒரு பையனோட வண்டில வந்து இறங்கினா."

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"அ... அப்... அப்புறம்?"

டம்ளர் கை நழுவியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணை அகல விரித்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு, கேட்டுட்டு வந்துடறேன்" என்று வெறுங்காலோடு மாடியேறினார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை அவர் தட்டியதே இல்லை. பெண்ணின் அம்மா திகைத்துப் போனாள்.

"யாருங்க அந்தப் பையன்? என் வீட்டுக்காரி கேக்கறா."

"அக்கா கேக்கறாங்களா? வாயத் திறந்து கேட்டாங்களா?" அவள் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணே. இது பெரிய கதை."