சனிக்கிழமை அரிவாள்மனை

அன்றே அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அக்காவின் இடது கண் தப்பியிருக்குமா? அக்காவை நினைத்தாலே, சனிக்கிழமைதோறும் அவர் என்னிடம் நீட்டிய அரிவாள்மனைதான் முதலில் கண்ணில் நிற்கிறது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் லைன் வீட்டில் அவர் அடுத்த வாசல். தென்காசிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவர் வீட்டுக்காரர் முன்பெல்லாம் குடிக்க பஸ் ஏறிப் போக வேண்டும். பாதி வாரம் அலுப்பில் போகவே மாட்டார். தெருமுனையில் அரசு மதுக்கடை வந்தபின் நாற்பது அடி நடந்தால் போதும். சம்பள நாளான சனிக்கிழமையில் வாசலுக்கு வாசல் சண்டை. அதனால் அக்கா வேலைவிட்டு வந்ததும் காய் நறுக்கிவிட்டு அரிவாள்மனையை என்னிடம் தந்துவிடுவார். "நறுக்குனது போதும் தாயி. இனி எவனும் எவனையும் நறுக்க வேண்டாம்" என்று சிரிப்பார். ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொள்வார்.

கடையை மாற்றச் சொல்லி மனு எழுதியது நான்தான். "படிச்சவ நீ. மொதக் கையெழுத்த நீ போடு" என்றார் அக்கா. "எங்கூட்டுக்காரரைக் கேட்டுட்டுப் போடறனுங்க்கா" என்றேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வம்பு எதற்கு என்று பயம். இரண்டு வாரம் மனு என் பீரோவில் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். அக்கா பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். கடை வாசலில் யாரோ இருவருக்குள் அடிதடி. ஒருவன் எறிந்த பாட்டில் சுவரில் உடைந்து, சில்லு அக்காவின் கண்ணில் ஏறியது. அரிவாள்மனை என் அடுப்படியில் பத்திரமாக இருந்தது. வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் நாங்கள் ஒளித்துவைத்தோம். அரசாங்கம் தெருமுனையில் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு வாளித் தண்ணீரில் வாசலைக் கழுவிவிட்டு, வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தார்கள்.

அதன்பிறகுதான் மனுவோடு போனோம். "குடிகாரனுங்க அடிச்சுக்கிட்டா கடை என்னம்மா பண்ணும்?" என்றார் அதிகாரி. கடை வரும்வரை எங்கள் தெருவில் எவனும் பாட்டில் எறிந்ததில்லையே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அக்கா ஊருக்கே போய்விட்டார். அவர் திரும்ப வாங்காத அரிவாள்மனை இதோ, எதிரே இருக்கிறது. இப்போது நாங்கள் மங்கலத்தில் இருக்கிறோம். என் மகள் பள்ளி வேனுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே புதுக்கடைக்கு ஷட்டர் மாட்டுகிறார்கள். மனு எழுதி, முதல் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஆனால் எந்த வாசலுக்குப் போனாலும், "எங்கூட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்கிறார்கள்.

அவர்களைக் கோபிக்க எனக்கு வாயில்லை. அவர்களிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்; ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.